ஒன்றும் நடக்காத வருடத்துக் கடிதம்

மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் ஏறும்போதே றுக்கியா மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்: இதுதான் கடைசி டொக்டர். ஏற்கனவே ஆறு பேரைப் பார்த்தாயிற்று. ஒருவர் வலிப்பு என்றார். ஒருவர் பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார். இன்னொருவர் பிள்ளையை நிமிர்ந்தும் பார்க்காமல், "இதோட மாரடிக்காம அடுத்ததப் பெத்துக்கொள்ளுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தோளில் கிடந்த அசனாவுக்கு இரண்டரை வயது. தலை நிற்காது. கை கால்கள் சில நேரம் நனைந்த துணியாகத் துவளும், சில நேரம் கயிறாக முறுகும். நாளுக்கு ஒரு தடவையாவது கருவிழிகள் மேலே செருகி மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். மூத்தவன் ஸப்வானும் இப்படித்தான் இருந்தான். நாலு வயதில், ஒரு மாரிகாலச் சளிக் காய்ச்சலோடு மௌத்தாகிப் போனான்.

அது 1995 தை மாதம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சோதனைச் சாவடிகளில் கெடுபிடி குறைந்திருந்தது. திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு நரம்பு வருத்தங்களுக்கென்று ஒரு டொக்டர் வந்திருப்பதாக றுக்கியாவின் தம்பி மஹ்ரூப்தான் சொன்னான். மீன் வியாபாரி அவன். துறைமுகத்துச் சங்கதி எல்லாம் அவன் காதுக்கு முதலில் வரும்.

டொக்டர் கமலேஸ்வரி உப்புவெளிக்காரி. தபால் கந்தோர்க் கிளாக்கரின் மகள். கொழும்பிலும் பிறகு வெளிநாட்டிலும் மூளை நரம்பியல் படித்தவர். படித்த டொக்டர்மார் எல்லாரும் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், இவர் மட்டும் எதிர்ப்பக்கமாக வந்து இறங்கியிருந்தார். அதற்காக ஊர் அவரைக் கொண்டாடியதாகவும் இல்லை. அங்கே ஏதோ சரிவரவில்லை, அதுதான் வந்திருக்கிறா என்றே பேசிக்கொண்டது.

றுக்கியா உள்ளே போனதும் அந்த அம்மா செய்த முதல் காரியம், கதிரையை விட்டு இறங்கியது. தரையில் பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தச் சொன்னார். தானும் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தார். தொடவில்லை. சுவர் மணிக்கூட்டில் பத்து நிமிடம் ஓடியது. வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு றுக்கியாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ. மற்ற டொக்டர்மார் கேக்காத விஷயம் ஏதும் இருந்தால் அதை முதல்ல சொல்லுங்கோ."

றுக்கியாவுக்கு அழுகை முட்டியது. "காலையில எழும்பக்குள்ள புள்ள நல்லாத்தான் இரிக்கா டொக்டர். என்னப் பாத்துச் சிரிப்பா. கழுத்தும் கொஞ்சம் நிக்கும். பகல் ளுஹர் தொழுகை தாண்டினாச் சோந்துருவா. பின்னேரம் அஸருக்குப் பொறகு கழுத்துச் சாஞ்சிரும், கண்ணும் செருகிரும். கொஞ்சம் நித்திர கொண்டு எழும்பினாத் திரும்பவும் பரவால்ல. எல்லா டொக்டருக்கும் இதத்தான் சொன்னன். ஒருத்தரும் எழுதல்ல."

கமலேஸ்வரி எழுதினார். எழுதிவிட்டு, "வலிப்பு நேரம் பாத்து வாறேல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்: "உங்களுக்கு எழுத வருமோ?"

"எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சன்."

"காணும். ஒரு கொப்பி வாங்குங்கோ. ஒரு மாசத்துக்கு ஒவ்வொரு நாளும் ஐஞ்சு வக்துத் தொழுகை நேரத்திலயும் பிள்ளை எப்பிடி இருக்கிறா எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ. கழுத்து, கண், கை, நித்திரை. வேற ஒண்டும் வேண்டாம்."

மாதம் முடிந்து கொப்பியோடு போனபோது, டொக்டர் அதை வரிவரியாக வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, "இதில 'சுமார்' எண்டு போட்டிருக்கிறியள். நேற்றையைவிடச் சுமாரோ, காலமையைவிடச் சுமாரோ?" என்று கேட்டார். றுக்கியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் எழுதிய ஒரு சொல்லை ஒருவர் இவ்வளவு பாரதூரமாக எடுத்துக்கொள்வார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"காலையை விட" என்றாள்.

"அப்ப சரி. இது வலிப்பில்லை. மூளையில ஊறவேண்டிய ஒரு சத்து ஊறேல்லை. நித்திரையில கொஞ்சம் சேருது, பகல் முழுக்கச் செலவழிஞ்சு போகுது. எனக்கு அப்பிடித்தான் தெரியுது. ஆனால் நான் பிழையாகவும் இருக்கலாம். ஒரு குளிசை குடுத்துப் பாப்பம்."

கை நடுங்குகிற வயதாளிகளுக்குக் கொடுக்கிற குளிசை அது. மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் தவறாமல் கொடுத்தாள். ஒரு இம்மியும் மாறவில்லை. நாலாம் கிழமை டொக்டருக்கு முன்னால் போய் இருந்து றுக்கியா வாய்விட்டு அழுதாள். அவள் அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்த டொக்டரின் முகத்தில் கவலை இருந்தது. ஆனால் கவலை மட்டும் இருக்கவில்லை.

"உங்கட அவர் என்ன தொழில்?"

"அரிசி மில்லுல."

"நல்லது. கேளுங்கோ. நெல்லுக் குறைஞ்சதாலதான் அரிசி வரேல்லை எண்டு நான் நினைச்சன். அதான் மூண்டு கிழமையா மூட்டை மூட்டையா நெல்லுக் கொண்டுபோய்க் கொட்டினன். அந்தக் குளிசை நெல்லுத்தான். கொட்டியும் ஒரு மணி அரிசி வரேல்லையெண்டால் என்ன அர்த்தம்?"

றுக்கியா கண்ணைத் துடைத்தாள். "மெசின் இல்ல."

"ஓம். மெசின்தான் இல்லை." டொக்டர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "அந்த மெசினை எப்பிடிச் செய்யிறதெண்டு உடம்புக்குள்ள ஒரு எழுத்து இருக்கு. தாயிட்ட இருந்து ஒண்டு, தகப்பனிட்ட இருந்து ஒண்டு. ரெண்டிலயும் பிழை விழுந்திட்டுதெண்டு நினைக்கிறன். நீங்கள் ரெண்டுபேரும் சொந்தமோ?"

"மாமிட மகன்."

"குடும்பத்தில வேற பிள்ளையள் இப்பிடி?"

றுக்கியா விரல் மடித்து எண்ணினாள். இருக்கிறவர்கள் நாலு பேர். போனவர்களை எண்ணத் தொடங்கி, ஆறோடு நிறுத்திக்கொண்டாள்.

சித்திரையில் பேச்சு முறிந்து சண்டை மீண்டும் மூண்டது. லோஞ்ச் சில நாள் ஓடும், பல நாள் ஓடாது. ஓடுகிற நாளாகப் பார்த்து டொக்டர் மூதூருக்கே வந்தார். "உங்கட நாலு பிள்ளையளும் இங்கால வாறதைவிட நான் ஒருத்தி அங்கால வாறது சுகம்" என்று சொல்லியனுப்பியிருந்தார். றுக்கியாவின் வீட்டு முன்னறையில் பெரிய தாள் ஒன்றை விரித்து, யார் யாருக்குப் பிள்ளை, யாரை யார் கலியாணம் முடித்தார்கள் என்று வட்டமும் சதுரமுமாகக் கீறினார். பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "குடும்பத்துக்குப் பேர் கெட்டா நாளைக்குப் பொண்ணெடுக்க ஆர் வருவாங்க?" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். டொக்டர் அவரைத் தடுக்கவில்லை. இருந்தவர்களிடம், "இந்தத் தாளில பேரில்லை, நம்பர் மட்டும்தான். பேர் என்ர தலைக்குள்ள மட்டும் இருக்கும்" என்றார்.

பிறகு பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் இரத்தம் எடுத்தார். எடுத்த இரத்தத்திலிருந்து செந்நிறத்தைப் பிரிக்க, கையால் சுற்றுகிற சின்ன இயந்திரம் ஒன்று கொண்டுவந்திருந்தார். றுக்கியாவின் கணவன் கலீலுர் றஹ்மான்தான் அதைச் சுற்றினான். மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரைக் குப்பிகளில் விட்டாயிற்று. அதை உடனே உறையவைத்து, உறைந்தபடியே வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். மூதூரில் கரண்ட் இல்லாமல் மூன்று நாள். மஹ்ரூப் தன் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்; வெளிச்சூடு உள்ளே போகாத றெஜிபோம் பெட்டி, மூடியைத் திறந்தால் சூரை மீன் மணக்கும். "ஐஸ் இரிக்கு டொக்டர். ஆனா இது காணுமா?"

"ஐஸ் மட்டும் காணாது. உப்புப் போட்டால் காணும். ஐஸ்பழம் செய்யிற ஆக்களுக்குத் தெரிஞ்ச வித்தைதான்." கல்லுப்பை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் குப்பிகள் கல்லாகிவிட்டன.

அன்று பின்னேரமே றுக்கியா அசனாவோடும் டொக்டரோடும் லோஞ்ச் ஏறினாள். திருகோணமலை இறங்குதுறையில் சோதனை. பெட்டியைத் திறந்த சிப்பாய், ஐஸுக்குள் புதைந்திருந்த பதினேழு குப்பிகளைக் கண்டதும் திடுக்கிட்டான். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசையில் அடுக்கும்படி சொன்னான். வெயில் கொதித்தது. மேசையில் பத்து நிமிடம் இருந்தால் எல்லாம் உருகிவிடும். உருகினால் அத்தனையும் வீண். டொக்டர் பெட்டியின் குறுக்கே கையை வைத்துக்கொண்டார். அதிகாரி ஒருவர் வந்தார்.

டொக்டர் அவரிடம் சிங்களத்தில் பேசினார். குரலை உயர்த்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "வெளியே எடுக்கலாம், ஐயா. அதற்கு முதல் இந்த ஐஸுக்குள் உங்கள் விரலை வைத்துப் பத்து வரைக்கும் எண்ணுங்கள்."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வீம்புக்குத்தானோ என்னவோ, விரலை விட்டார். நாலு எண்ணுவதற்குள் உதறிக்கொண்டு வெளியே எடுத்தார். யாரோ சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை.

"இந்தக் குளிர்தான் என்னிடம் இருக்கிற ஒரே வசதி. இது போனால் நாலு குழந்தைகளுக்குத் திரும்பவும் ஊசி குத்த வேண்டும். அதில் ஒரு குழந்தை இதுதான்."

அதிகாரி றுக்கியாவின் தோளைப் பார்த்தார். அசனாவின் கண்கள் செருகி நின்றன. அவர் விரலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தன் கையாலேயே மூடியைப் பொருத்தி, வரிசைக்கு வெளியே அவர்களைப் போகவிட்டார். றுக்கியாவுக்குச் சிங்களம் அரைகுறைதான். நடந்தது முழுக்க விளங்க, டொக்டர் வழியெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. நினைத்தது சரிதான், மெசின் இல்லை. டொக்டர் வேறு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். ஐந்து மணித்தியாலம் செருகி நின்ற கண், ஒரு மணித்தியாலத்தோடு இறங்கியது. "இது சுகமில்லை, றுக்கியா" என்றார் அவர். "தெரியும் டொக்டர். ஆனா ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் கூட என்ட புள்ள என்னப் பாக்கிறா" என்றாள் றுக்கியா.

1997இல் டொக்டர் மீண்டும் வெளிநாடு போனார். இங்கே இருந்து நோயைக் கண்டுபிடிக்கலாம், மருந்தைக் கண்டுபிடிக்க ஏலாது என்றார். போகிற கிழமை மூதூருக்கு வந்து சொல்லிவிட்டே போனார். "வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவன். ஒண்டும் நடக்காட்டிலும் போடுவன்."

"போனவங்க போனதுதான்" என்றான் கலீல். ஊரில் இரத்தம் எடுத்தவர்கள், படம் பிடித்தவர்கள், கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் என்று எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவரும் திரும்பி வந்து, எடுத்ததை என்ன செய்தோம் என்று சொன்னதில்லை.

முதல் கடிதம் 1998 தையில் வந்தது. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட அந்த மரபணுவில், ஒரேயொரு எழுத்துத்தான் மாறியிருக்கிறது. மூதூரின் நாலு பிள்ளைகளுக்கும் அதே எழுத்து. சரியான எழுத்தை மூளைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி தேடப்போகிறேன் என்று எழுதியிருந்தார்.

அடுத்த கடிதம் இவ்வளவுதான்: "அன்புள்ள றுக்கியா, இந்த வருடம் நான் செய்த எதுவும் சரிவரவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அசனாவுக்கு என் அன்பு." கலீல் வாசித்துவிட்டுச் சிரித்தான். "ஒண்டும் நடக்கல்லண்டு சொல்ல ஒரு கடிதம், அதுக்கு ஒரு முத்திர." றுக்கியா சிரிக்கவில்லை. மற்ற எல்லாக் கடிதங்களையும்விட அதைத்தான் அவள் கூடுதலாக நம்பினாள். ஒன்றும் நடக்காத வருடத்தை ஒளிக்காதவர், நடந்த வருடத்திலும் கூட்டிச் சொல்ல மாட்டார்.

2001இல் எலிகளைப் பற்றி வந்தது. அதே பிழையோடு எலிகளை உண்டாக்கி, நோய் தரும் குணத்தைக் கழற்றிய ஒரு வைரசில் சரியான எழுத்தை ஏற்றி மூளைக்குள் செலுத்தியிருக்கிறார்கள். பதினான்கு எலிகளில் பதினொன்று செத்துவிட்டன. "அளவைக் கூட்டிவிட்டேன். தவறு என்னுடையது. கூட வேலை செய்தவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆய்வுக்குப் பணம் தருகிறவர்கள் நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அதையும் எழுதுவேன்." அந்த வருடம் முழுக்க றுக்கியா தன் துஆவில் எலிகளையும் சேர்த்துக்கொண்டாள். அடுத்த கடிதத்தில் ஒரு புகைப்படம் இருந்தது: மெல்லிய கம்பியில் நான்கு காலையும் ஊன்றி ஏறுகிற வெள்ளை எலி. பின்பக்கத்தில், "இது ஏறாது என்றிருந்தேன்" என்று எழுதியிருந்தது.

2003இல், சண்டை ஓய்ந்திருந்த நாட்களில், டொக்டர் திரும்பி வந்து அதே முன்னறையில் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கண்டுபிடித்ததையெல்லாம் விளங்கச் சொன்னார். விரும்பியவர்களுக்கு, அந்தப் பிழை தங்கள் உடம்பில் மறைந்திருக்கிறதா என்று பார்த்துத் தனித்தனியே சொன்னார். றுக்கியாவின் தங்கை றஹ்மாவிடம் அது இருந்தது. பேசியிருந்த மாப்பிள்ளை சொந்தக்காரன்; அவன் வீட்டார் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை. கலியாணம் நடந்தது. மறு வருடம் ஸாலிஹா பிறந்தாள். எட்டாம் மாதம், குழந்தையை மடியில் வைத்திருந்த றுக்கியாதான் முதலில் கண்டாள், அந்தக் கண்கள் மேலே போவதை.

2006 ஆவணியில் மூதூருக்குள் ஷெல் விழுந்தது. ஊரே கிளம்பிக் கந்தளாய்க்கு நடந்தது. பதினான்கு வயது அசனாவைச் சைக்கிள் கரியரில் சேலையால் கட்டி, கலீல் உருட்ட, றுக்கியா தலையைத் தாங்கிப் பிடித்தபடி நடந்தாள். முகாமில் ஆறாம் நாள் மருந்து முடிந்தது. அசனாவின் கண்கள் மீண்டும் மணிக்கணக்கில் செருகின. வெளிநாட்டில் செய்தி கேட்ட டொக்டர், திருகோணமலைக் கிளினிக்குக்குப் போன் எடுத்து, அங்கிருந்து கந்தளாய் ஆஸ்பத்திரிக்கு எடுத்து, ஒவ்வொரு முகாமாகப் பெயர் சொல்லித் தேடியிருக்கிறார். பதினைந்தாம் நாள் ஒரு தாதி பொதியோடு கூடாரத்துக்குள் குனிந்து, "இங்க றுக்கியா எண்டு ஆர்?" என்று கேட்டபோது, பொதியை வாங்கவும் தோன்றாமல் றுக்கியா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. 2007 மார்கழியில் டொக்டர் நேரிலேயே வந்தார். கடிதத்தில் சொல்லக்கூடியது அல்ல என்றார்.

"பிள்ளையளுக்குச் செய்ய அனுமதி கிடைச்சிருக்கு. உலகத்தில முதல்ல ஆறு பிள்ளையள். மண்டையோட்டில சின்னத் துளை போட்டு, மயிர் மாதிரிக் குழாயால உள்ள விடுவினம். ஸாலிஹாவை எடுக்கலாம்."

றுக்கியா கேட்டாள். "அசனா?"

"ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளையளுக்கு மட்டும்தான்."

றுக்கியா எழுந்து நின்றாள். பன்னிரண்டு வருடம் அடக்கிவைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "என்ட புள்ளட ரத்தத்துலதானே கண்டுபுடிச்சீங்க! என்ட கொப்பியிலதானே தொடங்கினீங்க! அவக்கு இல்லாத மருந்து எனக்கு என்னத்துக்கு? ஏன் வந்து சொல்றீங்க?"

"ஓம்" என்றார் டொக்டர். "அசனாவிட்ட இருந்துதான் எடுத்தனான்."

"அப்ப?"

"அவவின்ர எலும்பும் மூட்டும் இறுகிப்போச்சு. இப்ப உள்ள விட்டால் நல்லதைவிடக் கெடுதல் கூட வரலாம். வராதெண்டு என்னாலை சொல்ல ஏலாது. ஸாலிஹாவுக்கும் பலிக்குமெண்டு சத்தியம் பண்ண மாட்டன். நான் பத்து வருஷம் முந்தி இதைச் செய்து முடிச்சிருந்தால் அசனாவுக்குக் கிடைச்சிருக்கும். முடிக்கேல்லை."

டொக்டர் எழுந்து போகவில்லை. றுக்கியா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது, டொக்டர் அதே இடத்தில், அசனாவின் முறுகிய விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டு இருந்தார். றுக்கியா அவருக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்தாள்.

ஒரு சிக்கல் இருந்தது. றஹ்மா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி; புறப்படும் நேரம் அவளுக்கு மாதம் நிறைந்துவிடும். பிள்ளையோடு போக, நோயின் போக்குத் தெரிந்த ஒரு பெண் வேண்டும். மூன்று நாளாக யார் போவதென்று முடிவாகவில்லை. நாலாம் நாள் றுக்கியா தங்கை வீட்டுக்குப் போய், "நான் கூட்டிட்டுப் போறன். நீ அசனாவப் பாத்துக்க" என்றாள். றஹ்மா அக்காவின் காலைக் கட்டிக்கொள்ளப் போனாள். "சும்மா இரி. காலையில அவக்குக் கஞ்சி கட்டியாக் குடுக்காத, பொரக்கேறும்" என்றாள் றுக்கியா.

2008 பங்குனியில் புறப்பட்டார்கள். சத்திரசிகிச்சை ஏழு மணித்தியாலம் நடந்தது. கத்தி பிடிக்கிறவர் டொக்டர் கமலேஸ்வரி இல்லை. அது வேறு ஆட்கள். அவர் கண்ணாடிக்கு இந்தப்பக்கம், றுக்கியாவுக்குப் பக்கத்தில், ஏழு மணித்தியாலமும் நின்றார். அவருடைய பதினொரு வருட வேலை, நூலளவு குழாயில், நிமிடத்துக்கு ஒரு துளியிலும் குறைவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. றுக்கியா ஓதிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் டொக்டர், "எனக்கும் சேத்து ஓதுங்கோ. எனக்கு இண்டைக்கு ஒண்டும் வருகுதில்லை" என்றார்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதம் பிள்ளையின் கைகால்கள் தாமாகவே ஆடத் தொடங்கின, நிறுத்தவே முடியாமல். றுக்கியா பயந்து அழுதாள். "மெசின் புதுசு. ஓடத் தொடங்கினால் முதல்ல கண்டபடி ஓடும். எலியளுக்கும் வந்தது" என்றார் டொக்டர். "எப்ப நிக்கும்?" "தெரியாது." மெல்ல மெல்ல அது அடங்கியது. அடங்கிய கிழமையில், கட்டிலில் குப்புறக் கிடந்த ஸாலிஹா, பெரியம்மாவின் குரல் வந்த திசைக்குத் தலையைத் தூக்கினாள். தூக்கிய தலை விழவில்லை. றுக்கியா எண்ணினாள், முப்பது வரைக்கும். அதற்குமேல் எண்ணிக்கை குழம்பிவிட்டது.

ஊர் வந்தபோது றஹ்மாவின் மடியில் புது ஆண்குழந்தை, வருத்தமில்லாத பிள்ளை. அசனா நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் விட்டுப் போன உம்மாவோடு கோபம். இரண்டு நாள் முகத்தை மற்றப்பக்கம் திருப்பியே வைத்திருந்தாள்.

2009 தையில், வடக்கே வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த நாட்களில், மூன்று இடங்களில் அடையாள அட்டை காட்டி டொக்டர் சோதிக்க வந்தார். காலையில் ஒரு தடவை பார்த்தார். பின்னேரமும் பார்க்க வேண்டுமென்று நின்றார். நாலரை வயது ஸாலிஹா சுவரில் சாயாமல் பாயில் இருந்தாள். அவருடைய படிவத்தில் கேள்விகள் இருந்தன: தலை நிற்கிறதா, துணையின்றி இருக்கிறாளா, பொருளை நோக்கிக் கை நீட்டுகிறாளா. கடைசிக் கேள்விக்காக அவர் ஒரு சிவப்புக் கிலுக்கட்டியை ஆட்டினார். ஸாலிஹா அதைச் சட்டை செய்யாமல், எட்டி அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்தாள். இரண்டு கையாலும் முறுக்கினாள். சட்டம் முறிந்தது.

றஹ்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். டொக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துப் பாயிலேயே சரிந்துவிட்டார். "கை நீட்டுறாவோ எண்டுதான் இதில கேட்டிருக்கு. பறிச்சு முறிப்பாவோ எண்டு கேக்க ஒருத்தருக்கும் தோன்றேல்லை." கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாததால் பேனாவை றுக்கியாவிடம் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல றுக்கியா எழுதினாள்.

பிறகு டொக்டர் தட்டுத்தடுமாறி அசனாவின் கட்டிலுக்குப் போனார். பதினாறு வயது அசனாவுக்குப் பேச்சு வராது. சொல்கிற பேச்சு அவளுக்கு விளங்கும் என்று ஊரில் யாரும் நினைத்ததில்லை; தாயும் அவளிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. டொக்டர் அவள் முகத்துக்குக் கிட்டக் குனிந்தார்.

"அசனா, உமக்கு ஒரு விஷயம் சொல்லவேணும். ஸாலிஹா இப்ப தன்ர பாட்டில இருக்கிறா. உம்மட இரத்தத்தைப் படிச்சுத்தான் அந்த மருந்தைச் செய்தனாங்கள். ஆறு பிள்ளையளுக்குக் குடுத்தனாங்கள். ஐஞ்சு பேர் தலை தூக்கீட்டினம். உமக்கு நான் பிந்திப்போனன். வளந்த ஆக்களுக்கு ஏலுமோ எண்டு இப்ப பாத்துக்கொண்டிருக்கிறன்."

அசனா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து நீண்ட, உரத்த சத்தம் ஒன்று வந்தது. வலியில் வருகிற சத்தம் றுக்கியாவுக்குத் தெரியும். பசியில் வருவதும் தெரியும். இது இரண்டும் இல்லை. சின்ன வயதில், காலை வேளைகளில் மட்டும் அவள் இப்படிச் சத்தமிட்டுச் சிரிப்பாள். றுக்கியா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மகளின் காலடியில் இருந்துகொண்டாள். இத்தனை வருடமும் இதை நான் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் நினைத்தாள்.

லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது. கண்ணாடி இல்லாமல் டொக்டருக்குக் கடலும் கரையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. றுக்கியா அவரது தோள்பையைத் தானே மாட்டிக்கொண்டு, கையைப் பிடித்து இறங்குதுறைக்குக் கூட்டிப்போனாள்.

"அடுத்தது எப்ப வருவீங்க?"

"ஆடியில. லோஞ்ச் ஓடினால்."

"ஓடாட்டி மஹ்ரூப்ட வள்ளம் இரிக்கு." றுக்கியா நின்றாள். "கவனம் டொக்டர், இதுல ஒரு படி இரிக்கு. இன்னும் ஒண்டு. ம், இப்பக் கால வைங்க."